நாற்பத்தொரு குறுக்கீடுகள்

என் பெயர் கிங்ஸ்டன், வயது 43, தந்தை பெயர் பாக்கியசீலன், காலமாகிவிட்டார். பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு, தனியார் பாலிடெக்னிக் ஒன்றில் மின்னணுவியல் ஆய்வக உதவியாளராகப் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். எனக்கு மனைவியும் ஒரு மகளும் உள்ளனர். இதற்கு முன் என் மீது எந்த மனுவோ வழக்கோ கிடையாது. விக்கிரமசிங்கபுரத்தைச் சேர்ந்த ஜாய்சி என்பவர் கொடுத்த மனுவின் பேரில் விசாரணைக்கு அழைக்கப்பட்டு, 24.06.2025 செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு காவல் நிலையத்தில் ஆஜராகி, உதவி ஆய்வாளர் விசாரிக்க நான் சொல்வது யாதெனில்:

கடந்த 09.03.2025 ஞாயிற்றுக்கிழமை பகல் 11.10 மணிக்கு, மேலப்பாளையத்தில் உள்ள ஹசன் அலி என்பவரின் பேக்கரி மாடியில், மதகு இசைக்குழு ரசிகர் ஆவணச் சங்கத்தின் உறுப்பினர்கள் ஏழு பேரும் கூடி, அந்தக் குழு முதன்முதலில் பதிவு செய்ததாகச் சொல்லப்பட்டு, இதுவரை எவர் கையிலும் கிடைக்காத கேசட்டை இனிமேல் 'முதல் கேசட்' என்று அழைப்பதில்லை என்றும், 'பூஜ்யமாவது கேசட்' என்றே அழைப்பது என்றும், மூன்றுக்கு எதிராக நான்கு வாக்குகளில் முடிவு செய்தோம். விவாதம் இரண்டரை மணி நேரம் நடந்தது. முடிவை ஏற்காத உறுப்பினர் ஒருவர் வெளிநடப்புச் செய்தார். குடையை விட்டுச் சென்றதால் திரும்பி வந்தார். வந்தவர் உட்கார்ந்துவிட்டதால் ராஜினாமா பதிவு செய்யப்படவில்லை. நான் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் தீர்மானப் புத்தகத்தில் பழைய பக்கங்கள் அனைத்திலும் 'முதல்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினேன். அதற்கு ஒன்பது நாட்கள் ஆயின.

மதகு என்பது 1993ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் தொடங்கிய ராக் இசைக்குழு ஆகும். அவர்கள் பிறகு சென்னைக்குப் போய் இரண்டு கேசட்டுகள் வெளியிட்டு, 2001இல் பிரிந்துவிட்டார்கள். அந்த இரண்டு கேசட்டுகளும் விற்கவில்லை. விற்காத காரணத்தினாலேயே அவற்றைப் பற்றி நாங்கள் சங்கம் வைத்திருக்கிறோம். 1998இல் வந்த ஒரு சிறு பேட்டியில், சென்னைக்குப் போவதற்கு முன் ஏதாவது பதிவு செய்தீர்களா என்று கேட்டதற்கு, "ஒரு கேசட் உண்டு, அது அக்கா வீட்டுல கெடக்கு" என்று பதில் வந்திருக்கிறது. நான்கு பேரில் யார் பதில் சொன்னது என்று பேட்டியில் இல்லை. எனவே யாருடைய அக்கா என்று தெரியவில்லை. நான்கு பேருக்கும் சேர்த்து ஒன்பது அக்காமார் என்பதை 2014இல் கண்டுபிடித்தோம்.

அதன் பிறகு ஒவ்வோர் அக்காவாகத் தேடிப் போனோம். நாங்குநேரியில் இருந்த மூன்றாவது அக்கா எங்களுக்குக் காப்பி கொடுத்து, "தம்பிய எங்கயாவது பாத்தியன்னா அம்மா திவசத்துக்காவது வந்துட்டுப் போகச் சொல்லுங்கய்யா" என்றார். ஆறாவது அக்கா எங்களை வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவர்கள் என்று எண்ணி, வீட்டில் உள்ள எல்லோருடைய அடையாள அட்டைகளையும் கொண்டுவந்து காட்டினார். எங்கள் சங்கத் தலைவர் தளவாய், நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர், எதையும் குறிக்காமல் விடுகிற பழக்கம் இல்லாதவர். அவர் அவற்றையும் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு திசையன்விளையில் பழைய ரேடியோக்கடை வைத்திருக்கும் பூதத்தான் என்பவரிடம் 'மதகு' என்று எழுதிய கேசட்டுகள் இருப்பதாகத் தகவல் கிடைத்து, நானும் தளவாயும் போனோம். பூதத்தான் எங்களிடம், "பன்னெண்டு கெடக்கு அண்ணாச்சி. எடுத்துட்டுப் போங்க, எலியாவது கொறையும்" என்றார். கேட்டுப் பார்த்ததில், அவை பாசன மதகுகளைப் பராமரிப்பது குறித்து ஒரு பொறியாளர் விவசாயிகளுக்கு ஆற்றிய உரைகள் என்று தெரிந்தது. ஆனாலும் பன்னிரண்டையும் இரண்டு பக்கமும் முழுவதுமாகக் கேட்டோம். நான்காவது கேசட்டில் ஷட்டருக்கு கிரீஸ் போடுவதைப் பற்றிச் சொல்லுமிடத்தில் பின்னால் தாளம் போல ஒன்று கேட்டது. தண்ணீர் சொட்டும் சத்தம் என்று நான் பதிவு செய்தேன். மூன்று உறுப்பினர்கள் அதை இன்றுவரை ஏற்கவில்லை.

ஒன்பதாவது அக்கா ரோசம்மாள் என்பவர், டிரம்ஸ் வாசித்த ஜெர்வினின் கூடப்பிறந்தவர். அவர் 1996இலேயே இறந்துவிட்டதால், 2017இல் எங்கள் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'காலமானவர், விசாரிக்க இயலாது' என்று எழுதிக் கோடு போட்டுவிட்டோம். ஜெர்வினும் 2009இல் காலமாகிவிட்டார். அதன் பிறகு இந்த ஆண்டு மே மாதம் எங்கள் சங்கத்தின் முகநூல் பக்கத்தில் 'மதகு ஜெர்வின் குடும்பத்தாரைத் தேடுகிறோம்' என்று ஓர் அறிவிப்பு போட்டோம். அதைப் பார்த்து மனுதாரர் ஜாய்சி என்னைத் தொலைபேசியில் அழைத்து, ஜெர்வின் தன் தாய்மாமா என்றும், தன் தாயார் ரோசம்மாள் பேசிய கேசட் ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், அதில் மாமாவின் பாட்டுச் சத்தமும் உண்டு என்று தகப்பனார் சொல்லியிருப்பதாகவும் தெரிவித்தார்.

அதன் பேரில் 01.06.2025 ஞாயிற்றுக்கிழமை மாலை நானும் தளவாயும் பஸ்ஸில் விக்கிரமசிங்கபுரம் சென்று ஜாய்சியின் வீட்டை அடைந்தோம். ஜாய்சிக்கு வயது 29, ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்க்கிறார், தனியாக வசிக்கிறார். தகப்பனார் அம்புரோஸ் முன்பு மஸ்கட்டில் வேலை பார்த்து, திரும்பி வந்து மில்லில் ஃபிட்டராக இருந்து, போன ஆண்டு இறந்துவிட்டார். ஜாய்சி ஒரு முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, அதிலிருந்து துணியைப் பிரித்து, கேசட்டை எடுத்து எங்கள் முன் வைத்தார். கேசட்டின் மேல் பேனாவால் 'அவியளுக்கு' என்று எழுதியிருந்தது. தளவாய் உடனே அதை ஒரு பாடலின் தலைப்பு என்று குறித்துக்கொண்டார். அது தன் அம்மா தன் அப்பாவுக்கு எழுதியது என்றும், புருஷன் பெயரை எழுத மாட்டார்கள் என்றும் ஜாய்சி சொன்னார்.

அக்காலத்தில் வளைகுடாவில் இருந்த கணவன்மாருக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, அங்கே போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவது வழக்கம். 1995 டிசம்பரில் ரோசம்மாள் பாளையங்கோட்டையில் தம்பியுடன் ஒரே வாடகை வீட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது இதைப் பேசியனுப்பியிருக்கிறார். அப்போது அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி. ஜாய்சி பிறந்து நான்கு மாதத்தில் அவர் இறந்துவிட்டார்.

ஜாய்சி எங்களிடம் சொன்னதாவது: "அப்பா ரெண்டாயிரத்து நாலுல ஒருவாட்டி போட்டுப் பாத்தாவ. கீச்சுனு ஒரு சத்தம். பயந்துபோயி ஒடனே நிப்பாட்டிட்டாவ. இது இன்னும் ஒருதடவதான் ஓடும், வெவரம் தெரிஞ்சவங்க கையில குடுத்துத்தான் கேக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. எனக்குப் பேரு வச்சதே இதுலதானாம். பொம்பளப் பிள்ளையா இருந்தா ஜாய்சின்னு வைக்கணும்னு அம்மா சொல்லியிருக்காவளாம். எங்கம்மா வாயால என் பேரு இருக்கது இது ஒண்ணுலதான் அண்ணாச்சி."

நாங்கள் விவரம் தெரிந்தவர்கள் என்று தளவாய் சொன்னார். நானும் சொன்னேன்.

அதன் பிறகு ஜாய்சி, "நான் வந்த பொறவுதான் போடணும். எனக்கு முன்னால யாரும் கேக்கப்பிடாது. சத்தியம் பண்ணுங்க" என்றார். எங்கள் சபையில் சத்தியம் செய்வதில்லை என்றும், ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்றும் நான் சொன்னேன். அதன் பிறகு சங்கத்தின் தாளில் 'பூஜ்யமாவது கேசட் ஒன்று பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று எழுதி ரசீது கொடுத்தேன். அதை வாசித்துவிட்டு, "பூஜ்யமா? இதுல ஒண்ணும் இல்லன்னு அர்த்தமா?" என்று கேட்டார். நான் இருபது நிமிடம் விளக்கினேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர்தான் நினைவுபடுத்தினார்.

அதன் பிறகு 08.06.2025 அன்று சங்கம் கூடி, கேசட்டை எப்படி ஓட்டுவது என்று ஆலோசித்தது. பேக்கரிக்காரரும் எங்கள் உறுப்பினருமான ஹசன் அலி, "கீச்சுங்குதுன்னா டேப்புல பசை எளகிருக்குன்னு அர்த்தம். ரஸ்க் அடுப்புல எட்டு மணி நேரம் லேசா சூடு காட்டுனா ஒருதடவையாவது ஒழுங்கா ஓடும். வெளிநாட்டுல அப்படித்தான் செய்யுதாங்க" என்றார். அதற்குத் தளவாய், "ஏன் வே, மேல கொஞ்சம் எள்ளு தூவிருவோமா?" என்று கேட்க, ஹசன் அலியைத் தவிர எல்லோரும் சிரித்தோம். ஹசன் அலி, "சிரிங்க வே. சூடு தெரிஞ்சவன் நான்தான் இங்கன" என்றார். கேசட் என்பது ரஸ்க் அல்ல என்று ஒன்றுக்கு எதிராக ஆறு வாக்குகளில் தீர்மானிக்கப்பட்டது. தீர்மானத்தை நான்தான் எழுதினேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு விதி உண்டு. 2019இல் மதகு குழுவின் மேடை ஒத்திகைப் பதிவு ஒன்று எங்களுக்குக் கிடைத்து, இரண்டே நாளில் நாகர்கோவில் ரசிகர்கள் கைக்குப் போய்விட்டது. அதிலிருந்து, அரிய பதிவு எதையும் கேட்கும்போது எல்லோருடைய செல்பேசிகளையும் அணைத்து ரஸ்க் டின்னில் போட்டு மூடிவிட வேண்டும் என்றும், உரிமையாளர் நேரில் இருந்து எழுத்தில் சம்மதம் தராமல் எந்தப் பிரதியும் எடுக்கக் கூடாது என்றும் வைத்திருக்கிறோம். இந்த விதியை இன்றுவரை யாரும் மீறியதில்லை.

15.06.2025 ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு ஏழு பேரும் பேக்கரி மாடிக்கு வந்துவிட்டோம். ஜாய்சி முதல் பூசை முடிந்து பஸ் ஏறி 10.30க்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் டேப் டெக்கை இணைத்து, டேப் உரசி ஓடும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, கேசட்டை மேசையில் வைத்தேன். செல்பேசிகள் டின்னுக்குள் போயின. அதன் பிறகு காத்திருந்தோம். 10.30க்கு அவர் வரவில்லை. 10.50க்கும் வரவில்லை.

டெக்கின் ரப்பர் பெல்ட் பழையது என்றும், ஒரு மணி நேரத்துக்கு மேல் சூடானால் வேகம் மாறிவிடும் என்றும், ஒரு முப்பது வினாடி ஓட்டி ஹெட்டின் சாய்வைச் சரிபார்த்து வைத்துவிட்டால் அந்தப் பிள்ளை வந்ததும் நல்லபடியாகக் கேட்கலாம் என்றும் தளவாய் சொன்னார். நான் எழுந்து, "அண்ணாச்சி, அந்தப் பிள்ளைக்குச் சொல்லு குடுத்திருக்கேன்" என்றேன். அதற்கு அவர், "நீரு சொல்லு குடுத்தது மொத ஓட்டத்துக்குத்தானவே? இது சோதன. கணக்குல பூஜ்யமாவது ஓட்டம். அவ வந்த பொறவு போடுததுதான் ஒண்ணாவது" என்றார். ஹசன் அலி, "ஒருதடவதான் ஓடும்னு அவ அப்பா சொல்லிருக்காரு வே" என்றார். தளவாய், "ஓய், அவரு மில்லுல ஃபிட்டரு" என்றார். அதன் பிறகு வாக்கெடுப்பு நடந்தது. மூன்றுக்கு எதிராக நான்கு. நான்காவது கை என்னுடையது.

உரிமையாளர் இல்லாத நேரத்தில் பிரதி எடுப்பது நேர்மை அல்ல என்பதால், கணினிக்குப் போகிற வயரை நான் கழற்றி வைத்தேன்.

11.04க்குக் கேசட்டைப் போட்டோம். முதலில் இரண்டு வினாடி இரைச்சல். அதன் பிறகு ஒரு பெண் குரல் பேசத் தொடங்கியது. அதற்குப் பின்னால், சற்றுத் தூரத்தில், ஒரு கிதாரும் டிரம்ஸும் கேட்டன. அது மதகுதான். எந்தக் கேசட்டிலும் வராத பாட்டு. முப்பது வினாடியில் நிறுத்த வேண்டியது என் பொறுப்பு, டெக்கின் அருகில் இருந்தவன் நான்தான். நான் நிறுத்தவில்லை. நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. ஒருவர் மூச்சுவிடும் சத்தம் அதிகமாக இருந்ததாகச் சொல்லி இன்னொருவர் அவரை முறைத்தார்.

நான் வழக்கம்போல நோட்டை எடுத்துக் குறிக்கத் தொடங்கினேன். இடது பக்கத்தில் பாட்டின் அமைப்பு, வலது பக்கத்தில் 'குறுக்கீடு'. குறுக்கீடு என்று நான் எழுதியது அந்தப் பெண் குரலை. குரல் வந்த இடங்களில் இசை மறைந்துவிட்டதால், எத்தனை வினாடி மறைந்தது என்று தெரிய வேண்டியிருந்தது.

ரோசம்மாள் ஏற்கெனவே பாட்டுப் பதிவான கேசட்டின் மேலேயே பேசிவிட்டார் என்றும், குரலைக் கணினியில் நீக்கிவிட்டால் அடியில் பாட்டு கிடைக்கும் என்றும் தளவாய் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினார். நாங்கள் தலையாட்டினோம். அதன் பிறகு ஏழாவது நிமிடம் பன்னிரண்டாவது வினாடியில் அந்தக் குரல் சட்டென்று உயர்ந்து, "ஏலே ஜெர்வின், பைய அடிலே! அவியளுக்குப் பேசிக்கிட்டு இருக்கேம்லா" என்றது. டிரம்ஸ் நின்றது. தூரத்தில் ஓர் ஆண் குரல் "சரிக்கா" என்றது. அதன் பிறகு டிரம்ஸ் மறுபடி தொடங்கியது, விளிம்பில் குச்சியால் தட்டுவதுபோல மிக மெதுவாக.

அப்போதுதான் இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்து அறையில் நடந்தவை என்பது விளங்கியது. குரலை நீக்கினால் எதுவும் மிஞ்சாது. பேட்டியில் சொன்ன கேசட் இதுதானா, வேறொன்று உண்டா, அப்படி ஒன்று எப்போதாவது இருந்ததா என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஜெர்வினின் மெதுவான விளிம்புத் தாளம் மதகு குழுவின் தனி அடையாளம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டது. அது அவருக்கு ஆப்பிரிக்க இசையிலிருந்து வந்தது என்று நான் பதினான்கு பக்கக் கட்டுரை ஒன்றில் நிறுவியிருக்கிறேன்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் கீச்சென்ற சத்தம் பெரிதாகி டெக் தானாக நின்றது. திறந்து பார்த்ததில் ஹெட் முழுவதும் காப்பிப்பொடி வண்டல் போலப் பழுப்பாகப் படிந்திருந்தது. நான் பஞ்சால் துடைத்தேன். ஏழு பஞ்சு ஆயிற்று. கேசட்டின் சக்கரத்தைச் சுற்றி டேப்பைக் கொஞ்சம் வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒலி பதிந்திருந்த பூச்சு உதிர்ந்துபோய், அதன் வழியே எதிர்க்கடையின் பெயர்ப்பலகையை வாசிக்க முடிந்தது. ஹசன் அலி, "பசை எளகிருக்குன்னு சொன்னேம்லா" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டார். சற்று நேரம் கழித்து வந்தார்.

அதன் பிறகு டின்னைத் திறந்து என் செல்பேசியை எடுத்து ஆன் செய்தேன். ஜாய்சியிடமிருந்து ஐந்து தவறிய அழைப்புகளும், 10.41க்கு ஒரு செய்தியும் இருந்தன. 'அம்பையில பஸ் பழுது. அடுத்த பஸ்ல வாரேன். காத்திருங்க' என்று எழுதியிருந்தார்.

ஜாய்சி 12.05க்கு வந்தார். மாடிப்படி ஏறி வந்து, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். கையில் வைத்திருந்த துணிப்பையிலிருந்து தகப்பனாரின் போட்டோவை எடுத்து, "அப்பாவும் கேக்கட்டும். எங்கன வைக்க?" என்றார். தளவாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருந்த பன் தட்டை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார். அதன் பிறகு ஜாய்சி நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, "போடுங்க" என்றார்.

ஒருவேளை ஏதாவது மிச்சம் இருக்கலாம் என்று எண்ணி நான் கேசட்டை முதலிலிருந்து போட்டேன். இரைச்சல் மட்டும் வந்தது. ஜாய்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் ஏழு பேரும் டெக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எட்டு நிமிடம் ஆன பிறகு அவர் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் ஆரம்பிக்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் "இல்லம்மா" என்றேன். பதினைந்தாவது நிமிடத்தில் ஹசன் அலி எழுந்து சுவிட்சை அணைத்து, "நீ வரதுக்கு முந்தியே இவங்க போட்டுட்டாங்கம்மா. நாங்க எல்லாரும் கேட்டுட்டோம். இனி அதுல ஒண்ணும் இல்ல" என்றார்.

ஜாய்சி எழுந்தார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ன சொன்னாவ?" என்று கேட்டார். தளவாய், ஒரு சிறு தொழில்நுட்பச் சிக்கல் என்று தொடங்கினார். ஜாய்சி, "எங்கம்மா என்ன சொன்னாவன்னு கேட்டேன்" என்றார்.

அப்போதுதான் எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை என்பது தெரியவந்தது. பாட்டு எந்தச் சுருதியில் இருந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டாவது கிதார் எந்த நிமிடத்தில் சேர்ந்தது என்பதில் ஒருவருக்கொருவர் முரண்பாடு இல்லை. அவர் பேசியதில் முழுதாக நினைவில் இருந்தது ஜெர்வினைத் திட்டிய அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான். டிரம்ஸ் நின்றதால் அது மனதில் நின்றது. நான் அதைச் சொன்னேன். ஜாய்சி, "அம்மா சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்றார். நான் மறுபடி சொன்னேன். "கோவமாவா, சிரிச்சுக்கிட்டா?" என்று கேட்டார். நான் கோபமாக என்றேன். ஹசன் அலி சிரித்துக்கொண்டு என்றார். ஏழு பேரும் ஒவ்வொருவராகச் சொல்லிக் காட்டினோம். ஏழும் ஏழு விதமாக இருந்தன. "என் பேரு?" என்று கேட்டார். மூன்று முறை வந்தது என்று தளவாய் சொன்னார். எந்த இடத்தில் என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. அவர் அந்தப் பிள்ளையின் மனது ஆறட்டும் என்று சொன்னாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவரிடம் கேட்டதில், அவருக்கும் தெரியவில்லை.

ஜாய்சி தகப்பனார் போட்டோவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். கேசட்டைத் திருப்பித் தரும்படி அவர் கேட்கவில்லை. மறுநாள் அவர் மனு கொடுத்திருப்பது தெரிந்து, அதை நான் நிலையத்தில் ஒப்படைத்தேன்.

16.06.2025 அன்று அவர் கொடுத்த மனுவில் எங்களைக் கைது செய்ய வேண்டும் என்றோ நஷ்டஈடு வேண்டும் என்றோ கேட்கவில்லை என்பதை உதவி ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். கேட்ட ஏழு பேரும் தாங்கள் கேட்டதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், அதைப் போலீசார் எழுதித் தர வேண்டும் என்பது மட்டுமே மனுவின் கோரிக்கை. இப்படி ஒரு கோரிக்கைக்கு எந்தச் சட்டப்பிரிவு என்று நான் உதவி ஆய்வாளரிடம் கேட்டேன். அவர், "நானும் அததான் ஒரு வாரமா தேடுதேன். நீரு மொதல்ல கேட்டதச் சொல்லும்" என்றார்.

எனவே சொல்கிறேன். இன்று நான் கொண்டுவந்துள்ள நோட்டில் அன்று குறித்த குறுக்கீடுகள் மொத்தம் நாற்பத்தொன்று. மனுதாரர் ஜாய்சி முன்னிலையில் அவற்றை வரிசையாக வாசிக்கும்படி உதவி ஆய்வாளர் சொன்னதால் வாசித்தேன். ஒன்றாவது, இரண்டாவது வினாடியில் தொடங்கிப் பதினொரு வினாடி, பெண் குரல், கிதாரின் தொடக்கம் கேட்கவில்லை. நான்காவது, ஒன்பது வினாடி, அதில் ஆஸ்பத்திரி என்ற சொல் வந்ததாக நினைவு. பன்னிரண்டாவது, இருமல், பிறகு தம்ளர் வைக்கும் சத்தம். பதினேழாவது, சிரிப்பு, இரண்டு வினாடி, டிரம்ஸின் சிம்பல் ஒலி கெட்டுப்போனது. இந்த இடத்தில் ஜாய்சி, "எதுக்குச் சிரிச்சாவ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். பத்தொன்பதாவது, ஜெர்வினைத் திட்டியது. இருபத்தாறாவது, மிக நீண்டது, ஒரு நிமிடம் நாற்பது வினாடி, குரல் தாழ்ந்து வேகமாகப் போகிறது, வீடு அல்லது வாடகை பற்றியதாக இருக்கலாம், பாட்டின் இரண்டாம் சரணம் முழுவதும் வீணானது. அந்த 'வீணானது' என்ற சொல்லை நான் வாசிக்காமல் விட்டேன். உதவி ஆய்வாளர் நோட்டை வாங்கிப் பார்த்து, உள்ளதை உள்ளபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

முப்பத்து மூன்றாவது குறுக்கீடு பதினாறாவது நிமிடம் எட்டாவது வினாடி. 'ஒரே சொல், ஒரு வினாடிக்கும் குறைவு. பிறகு நான்கு வினாடி பேச்சில்லை' என்று எழுதியிருக்கிறேன். அந்த நான்கு வினாடியில் பேஸ் கிதார் மிகத் தெளிவாகக் கேட்டதால், அதன் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டு 'அருமை' என்றும் எழுதியிருக்கிறேன். ஜாய்சி என்னை நிறுத்தி, அதை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "அந்த ஒத்தச் சொல்லு என்ன?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "ரெண்டு எழுத்தா, மூணு எழுத்தா?" என்று கேட்டார். நான் அப்போது பேஸ் கிதாரின் நுழைவை எண்ணிக்கொண்டிருந்தேன். தெரியாது என்றேன். "சொல்லிட்டு எதுக்கு நாலு வினாடி சும்மா இருந்தாவ?" என்று கேட்டார். அதற்கும் தெரியாது என்றேன். அவர் முப்பத்து மூன்றை இன்னும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அதன் பிறகு மீதி எட்டையும் வாசித்து முடித்தேன். நாற்பத்தொன்றாவது பாதியில் கீச்சுச் சத்தத்தால் அறுபட்டது.

நான் கேட்டதும், கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதும் மேலே சொன்னவை மட்டுமே. எதையும் கூட்டவோ மறைக்கவோ இல்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். 'குறுக்கீடு' என்ற சொல் வரும் இடங்களில் 'பேச்சு' என்று மாற்ற முடியுமா என்று கேட்டேன். நோட்டில் உள்ளபடிதான் இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. சரி என ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) பா. கிங்ஸ்டன்
24.06.2025, மாலை 4.20

என் முன்பாக,
(ஒப்பம்) உதவி ஆய்வாளர்

குறிப்பு: மேற்படி நோட்டின் நான்கு பக்கங்களுக்கு ஒளிநகல் எடுக்கப்பட்டு மனுதாரர் ஜாய்சியிடம் கொடுக்கப்பட்டது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கப்பட்டது. ஒளிநகலில் சிவப்பு மை கருப்பாகவே விழுந்துள்ளது. மனு முடிக்கப்பட்டது.